ஐயாவின் இங்கிலீஷ் நோட்டு

மேலப்பத்தி அறையை வாடகைக்கு விடலாம் என்று பங்காளிகள் ஏழு பேரும் ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து எங்கள் வளவில், பங்காளிகளுக்குப் பொதுவான இந்தச் செட்டிநாட்டு வீட்டில், ஏழு பேரும் ஒரே பேச்சாக நின்றது இது இரண்டாவது தடவை. முதல் தடவை, கூரை ஒழுகியபோது, இந்த வருசம் ஓடு மாற்றவேண்டாம் என்பதில் ஒற்றுமையாக இருந்தார்கள்.

கேட்டு வந்தவர் ஆத்தங்குடிப் பூக்கல் வியாபாரம் செய்பவர். "ஸ்டாக் வைக்க இடம் வேணும்ணே, வேற ஒண்ணுக்கும் இல்ல" என்றார். சரி. மற்ற ஆறு பேரும் சென்னை, கோயமுத்தூர், சிங்கப்பூர் என்று இருப்பதால் அறையைக் காலிசெய்யும் வேலை ஊரில் இருக்கும் என் தலையில் விழுந்தது. வங்கியில் முப்பத்தாறு வருசம் கணக்கு எழுதிவிட்டு ஓய்வுபெற்றவனுக்கு என்ன வேலை என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

எனாமல் தூக்குச்சட்டிகள், கைப்பிடி போன வாளி, எலி கடித்த பாய்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தகரப்பெட்டி. அதற்குள் ஐயாவின் பேரேடுகள், ஐந்தொகைத் தாள்கள், பர்மா எழுத்தில் முத்திரை குத்திய பத்திரக்கட்டு ஒன்று. அப்புறம் உள்ளங்கை அகலத்தில் ஒரு நோட்டு. ஐயா என்றால் என் அப்பச்சியை, அதாவது அப்பாவை, பெற்றவர். பதினாலு வயதில் வட்டிக்கடைப் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் எடுபிடியாக இருக்கும் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, மேலாளுக்கு உதவியான அடுத்தாளாகி, பிறகு பர்மாவில் பியாப்போன் பக்கம் சொந்தமாகக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போனவர். மூன்று வருசம் அங்கே, கொஞ்ச நாள் இங்கே என்று காலம் கழித்தவர்.

நோட்டில் கணக்கு இல்லை. பக்கத்துக்குப் பத்து இங்கிலீஷ் சொற்கள், எல்லாம் தமிழ் எழுத்தில். எதிரே ஒரு கோடு போட்டு அர்த்தம். "டிமாண்டு – கேட்பு." "ஹுண்டி – நம்ம உண்டியல்." "கோடவுன் – நம்ம கிட்டங்கி." "மார்ட்கேஜ் – ஈடு." 'மார்ட்'டில் அந்த 'ட்' அழுத்தமாக விழுந்திருக்கிறது.

நானும் முப்பத்தாறு வருசம் மார்ட்கேஜ் என்றுதான் சொன்னேன். சரியான உச்சரிப்பு மார்கேஜ், ட் ஊமை என்று வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஓர் இளம் அதிகாரி ஒருநாள் எல்லார் முன்னாலும் என்னைத் திருத்தினார். அன்றைக்கு முகம் சுருங்கிப்போனது உண்மை. ஆனால் சும்மா நிற்கிற அந்த ட் அங்கே எதற்கு என்று தேடப்போய்த்தான் எனக்கு இந்தப் பழஞ்சொல் பைத்தியம் பிடித்தது. அதனால் அவர்மேல் இப்போது வருத்தம் இல்லை. கொஞ்சம்தான் இருக்கிறது.

அந்த ட்டில் ஒரு சாவு இருக்கிறது. பழைய பிரெஞ்சில் 'மோர்ட்' என்றால் செத்தது, 'கேஜ்' என்றால் ஈடு. மார்ட்கேஜ் என்றால் செத்த ஈடு. எது செத்தது? 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எட்வர்ட் கோக் என்ற பெரிய சட்ட அறிஞர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். (அவர் பெயரையும் 'குக்' என்றுதான் சொல்லவேண்டுமாம். இங்கிலீஷ்காரன் எழுதுவதை நம்பக்கூடாது.) கடன்வாங்கியவன் கெடுவுக்குள் கட்டாவிட்டால் நிலம் அவனைப் பொறுத்தவரை செத்தது. கட்டிவிட்டால் கொடுத்தவனைப் பொறுத்தவரை ஈடு செத்தது. எப்படியும் ஒரு பக்கம் பாடை கட்டாமல் தீராது.

இதற்கு எதிராக 'உயிருள்ள ஈடு' என்றும் ஒன்று அவர்களிடம் இருந்திருக்கிறது. நிலத்தின் விளைச்சலைக் கொடுத்தவன் எடுத்துக்கொள்வான், எடுக்க எடுக்கக் கடன் தானே கழிந்துகொண்டு வரும். நிலம் உழைத்துக் கடனை அடைக்கிறது, அதனால் அதற்கு உயிர் உண்டு. நம் ஊர் ஒத்தியும் போக்கியமும் கிட்டத்தட்ட அந்தப் பக்கத்து ஆசாமிகள்தான். என்ன, நம்மிடம் விளைச்சல் வட்டிக்கே சரியாகிவிடும், முதல் அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்த வகையில் நம்முடையதைப் பாதி உயிர் என்று சொல்லலாம்.

ஐயா இதையெல்லாம் படித்திருக்கமாட்டார். ஆனால் கோக் சொன்ன முதல் சாவை அவர் நேரில் பார்த்தார். 1930இல் நெல் விலை விழுந்தது. கடன்வாங்கிய பர்மிய விவசாயச் சம்சாரிகளால் கட்டமுடியவில்லை. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் அந்த வருசம் விளைநிலத்தில் 6 சதவீதம்தான் எங்கள் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் அது 25 சதவீதம். யாரும் நிலத்துக்கு ஆசைப்பட்டு அங்கே போகவில்லை, வட்டிக்குத்தான் போனார்கள். வட்டி வரவில்லை, நிலம் வந்தது. நிலம் வந்ததோடு அந்த ஊர்க்காரனின் வெறுப்பும் வந்தது. அது நியாயமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1942இல் ஜப்பான்காரன் நுழைந்ததும் ஐயா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். 1948இல் பர்மாவுக்கு விடுதலை. அடுத்து நிலங்களை அரசே எடுத்துக்கொள்ளச் சட்டம். சம்சாரிக்கு முன்னமே செத்த நிலம், ஐயாவுக்கும் செத்தது. இந்த மூன்றாம் வகைச் சாவுக்குக் கோக் விளக்கம் எழுதவில்லை.

எனக்கு இது தெரியவந்ததே ஒட்டுக்கேட்டுத்தான். 1964, ஐப்பசி அடைமழை. எனக்குப் பத்து வயது. எங்கள் வளவில் நாலு பக்கத்துக் கூரையும் முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும். மழை பிடித்தால் கூரை விளிம்பான இறவாரம் முழுக்கத் தண்ணீர் கயிறு கயிறாக இறங்கும். முற்றத்து மூலையில் தவலையும் அண்டாவும் வைத்திருப்பார்கள். அந்தச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது என்று பெரியவர்களுக்கு ஒரு நம்பிக்கை. தூணுக்கும் தண்ணீருக்கும் நடுவில், முதுகில் சாரல் அடிக்க, கல் படியில் நான் உட்கார்ந்திருந்தேன். பட்டாலைத் திண்ணையில் ஐயா, பெரியப்பச்சி, அப்பச்சி மூன்று பேரும். பர்மாவில் மிச்சமிருந்த கடையும் போய்விட்டதாகக் கடிதம் வந்திருந்தது. அப்பச்சி ஏதோ வக்கீல், மனு என்றார். ஐயா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "பத்திரத்தை எல்லாம் அடுப்புல வைக்கச் சொல்லு. வெறகு ஈரமா இருக்குன்னு ஆச்சி சத்தம் போடுது" என்றார்.

ஒட்டுக்கேட்பதற்கு இங்கிலீஷில் ஈவ்ஸ்ட்ராப் என்று ஒரு சொல் உண்டு. ஈவ்ஸ் என்றால் இறவாரம், ட்ராப் என்றால் சொட்டு. கூரைத் தண்ணீர் சொட்டி விழும் அந்த ஓரத்துக்கே முதலில் அந்தப் பெயர். வீடு கட்டுகிறவன் எல்லையிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளிக் கட்டவேண்டும், இல்லையென்றால் அவன் கூரைச் சொட்டு அடுத்தவன் இடத்தில் விழும் என்று பழைய இங்கிலாந்தில் ஒரு வழக்கம். அந்த இரண்டடிச் சந்தில் வந்து நின்று உள்ளே பேசுவதைக் கேட்பவன் ஈவ்ஸ்ட்ராப்பர். அவன் ஊர்ச் சமாதானத்தைக் கெடுப்பவன் என்று தண்டிக்கவும் சட்டம் இருந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டன் எழுதிய சட்ட விளக்கத்தில் இவனுக்குத் தனி இடம் உண்டு.

அவர்கள் வீட்டில் சொட்டு வெளியே விழுகிறது, ஒட்டுக்கேட்பவன் அடுத்தவீட்டுக்காரன். எங்கள் வீட்டில் சொட்டு முற்றத்தில் விழுகிறது, ஒட்டுக்கேட்பவன் வீட்டுப்பிள்ளை. இந்தச் சொல்லை முதன்முதலாக அகராதியில் பிரித்துப் பார்த்த அன்று, என் முதுகில் அந்தச் சாரல் மறுபடி அடித்தது.

பத்திரம் அடுப்புக்குப் போகவில்லை என்பது இந்தத் தகரப்பெட்டியைத் திறந்ததும்தான் தெரிந்தது. யார் தடுத்தார்கள், தெரியாது. போகாததும் நல்லதுதான். பழைய கணக்கை எரிக்கப்போய் வீட்டையே எரித்துக்கொண்டவர்கள் உண்டு. இங்கிலாந்து அரசாங்கக் கருவூலத்தில் பல நூறு வருசம் கணக்குக்குக் குச்சிதான். ஒரு குச்சியில் தொகைக்கு ஏற்றபடி அகலமும் ஒடுக்கமுமாகக் கீறல் போட்டு நெடுக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஆளுக்கொரு பாதி. பொருத்திப் பார்த்தால் கீறலும் கீறலும் ஒட்டவேண்டும், ஒட்டாவிட்டால் யாரோ ஏமாற்றியிருக்கிறான். அதற்கு டாலி என்று பெயர். நாங்கள் வங்கியில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கண் எரிய உட்கார்ந்துகொண்டு "இன்னும் டாலி ஆகல" என்று புலம்பியது அந்தக் குச்சியைத்தான். பிளந்ததில் நீளமான பாதி பணம் கொடுத்தவனிடம் இருக்கும், அதன் பெயர் ஸ்டாக். ஸ்டாக் என்றால் அடிமரம், கட்டை. பங்குச்சந்தை ஸ்டாக்குக்கு இதுதான் பாட்டன் என்று சொல்பவர்கள் உண்டு. பழக்கம் ஒழிந்தபின் சேர்ந்துபோன குச்சிகளை 1834 அக்டோபர் 16ஆம் தேதி நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த உலையில் போட்டு எரித்தார்கள். விறகு நன்றாகக் காய்ந்திருந்தது போல. புகைபோக்கி சூடேறி, அன்று ராத்திரியே நாடாளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது.

பூக்கல்காரர் "ஸ்டாக் வைக்க" என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது இதனால்தான். அவர் என்ன நினைத்தாரோ.

நோட்டுக்கு வருகிறேன். மார்ட்கேஜுக்கு ஐந்தாறு வரி கீழே "வெட்டிங் – கல்யாணம்" என்று எழுதியிருக்கிறார். இரண்டையும் ஒரே பக்கத்தில் அவர் எழுதியது தற்செயல்தான். ஆனால் சொற்கள் உண்மையிலேயே பங்காளிகள். 'வெட்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்கு முதல் அர்த்தம் ஈடு, உறுதிப்பொருள். பெண்ணுக்கு வாக்குக் கொடுத்து அதற்கு ஈடு வைப்பதால் அது கல்யாணத்துக்குப் பெயரானது. அதே ஜெர்மானிய வேர் பிரெஞ்சு வழியாகச் சுற்றிவந்தபோது கேஜ் ஆனது. அதிலிருந்துதான் மார்ட்கேஜ், நிச்சயதார்த்தத்துக்குச் சொல்லும் எங்கேஜ்மென்ட், கூலிக்குச் சொல்லும் வேஜ். எல்லாம் ஒரே கோயில். எங்களில் ஒரே கோயில்காரர்கள் என்றால் பங்காளிகள். நம் வழக்கப்படி பார்த்தால் வெட்டிங்கும் எங்கேஜ்மென்ட்டும் ஒன்றையொன்று கட்டிக்கொள்ள முடியாது.

இது தெரிந்தபின் எங்கள் கல்யாணங்களில் இசைகுடிமானம் எழுதும்போது எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போடுகிற காகிதம். வெள்ளைக்காரனுக்குச் சொல்லில் இருப்பது நமக்குக் காகிதத்தில் இருக்கிறது.

ஆத்தாவுக்குத் தொண்ணூறை நெருங்குகிறது. நான் நோட்டைப் படிக்கப் படிக்க அடுப்படி வாசலில் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். லேடி என்றால் ரொட்டி மாவு பிசைகிறவள், லார்டு என்றால் ரொட்டிக்குக் காவல் இருக்கிறவன், இரண்டும் பழைய காலத்தில் அப்படிக் கூட்டுச்சொல்லாக இருந்து தேய்ந்தவை என்றேன். "பெசையிறது ஒருத்தி, காவல் ஒருத்தனா? நல்லாருக்கே" என்றாள். தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்னாலிருந்து மனகோலத்துக்கும் சீப்புச்சீடைக்கும் மாவு பிசைந்தே முழங்கை தேய்ந்த மனுசி. அதற்குமேல் நான் விளக்கவில்லை.

விண்டோ அவளுக்குப் பிடித்திருந்தது. வைக்கிங்குகள் கொண்டுவந்து இறக்கிய சொல் அது. அவர்கள் பாஷையில் 'விண்ட்' காற்று, 'அவ்கா' கண். காற்றின் கண். அதற்குமுன் ஆங்கிலேயனும் கண்-துளை என்றுதான் ஜன்னலைச் சொல்லியிருக்கிறான். அந்தத் துளை இப்போது நாஸ்ட்ரிலில், மூக்குத்துளையில், மட்டும் மிச்சம். நாமும் சும்மா இருக்கவில்லை. காலதர் என்று ஒரு சொல் வைத்திருந்தோம். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் பூம்புகார் மாளிகைகளைச் சொல்லும் இடத்தில் 'மான்கண் காலதர்' வருகிறது, மானின் கண்ணைப்போல் வடிவமைத்த ஜன்னல். வடகடல் ஓரத்துக் கொள்ளைக்காரனும் காவிரிமுனை வணிகனும் ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமலே சுவரில் காற்றையும் கண்ணையும் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் பூம்புகாரிலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறோம். வரும்போது அந்தச் சொல்லை எங்கேயோ வழியில் போட்டுவிட்டு, போர்ச்சுக்கீசியனிடம் ஜன்னலை வாங்கிக்கொண்டோம்.

எல்லாச் சொல்லும் போட்டுவிட்டு வந்தது நாம்தான் என்றும் இல்லை. அவர்களும் போட்டிருக்கிறார்கள். பூக்கல்காரர் எப்போது வருவார் என்று ஆத்தா கேட்டாள். நாளன்னைக்கு என்றேன். இதை இங்கிலீஷில் சொல்ல இன்றைக்கு நாலு சொல் வேண்டும். 1535இல் வந்த கவர்டேல் பைபிளில் ஓவர்மாரோ என்று ஒரே சொல்லாக இருந்தது. ஏன் விட்டார்களோ. நாளன்னைக்கு என்று ஒரு சொல் இல்லாமல் ஒரு கொத்தனாரிடம் எப்படி வேலை வாங்குவார்கள்?

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் வரும். கேஷ் என்ற இங்கிலீஷ் சொல் நம் காசுதான் என்று வாரம் ஒருவர் எனக்கு அனுப்புகிறார். பாதி உண்மை. இங்கிலீஷில் கேஷ் என்று இரண்டு சொற்கள் உண்டு. கீழைநாட்டுச் சில்லறை நாணயத்துக்கு, சீனாவில் நடுவில் ஓட்டை போட்டிருக்குமே அதற்கும், சொன்ன கேஷ் நம் காசு, போர்ச்சுக்கீசியர் வாயில் புகுந்து போனது. ஆனால் ரொக்கம் என்ற கேஷ் வேறு. அது பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பெட்டி என்றது பெட்டிக்குள் இருப்பதற்குப் பெயராயிற்று. அந்தப் பெட்டிக்கு அடியில் உட்கார்ந்து வாழ்க்கையைத் தொடங்கிய ஐயாவுக்கு அது போதும். எல்லாவற்றையும் தமிழ் என்று சொல்லிச் சொல்லி, உண்மையில் தமிழிலிருந்து போனதை யாரும் நம்பாமல் செய்துவிடுகிறோம்.

உண்மையில் போனது "கோடவுன் – நம்ம கிட்டங்கி". அந்த 'நம்ம' எழுதும்போது ஐயாவுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கிட்டங்கி என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சரக்கு அடைக்கிற இடம் மட்டும்தான். எங்களுக்கு அது பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ரங்கூன் முகல் தெருவிலும் நீளமான ஒரு கூடம். ஆளுக்கொரு கைப்பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு பாய். பகலில் அதுவே கடை, ராத்திரி அதுவே படுக்கை. ஒரே கூரைக்குக் கீழே பத்து இருபது கடைகள் இருக்கும்.

அந்தச் சொல்லின் தாய் கிடங்கு. பழைய தமிழில் கிடங்கு என்றால் கோட்டையைச் சுற்றிய அகழி, பள்ளம். பிறகு பொருளைப் போட்டு வைக்கும் இடம். தெலுங்கிலும் கிட்டங்கி உண்டு. இதில் ஏதோ ஒன்று கப்பலேறி மலாய்க்குப் போய் கூடாங் ஆனது. மலாயில் அதைக் கேட்ட போர்ச்சுக்கீசியனும் பின்னால் வந்த இங்கிலீஷ்காரனும் அவரவர் வாய்க்கு ஏற்ப மாற்ற, அது இங்கிலீஷில் கோடவுன் ஆனது. இந்திய ஆங்கிலச் சொற்களைத் திரட்டி யூலும் பர்னலும் செய்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி 1886இல் வந்தது. அதில் கோடவுனுக்குக் கீழே நம் கிடங்கு இருக்கிறது. பர்னல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அகராதி வெளிவருமுன் 1882இல் இறந்துவிட்டார். அகராதியின் பெயரே ஒரு வேடிக்கை. மொகரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று கதறுவது வெள்ளைக்காரச் சிப்பாய் காதில் ஹாப்சன்-ஜாப்சனாக விழுந்திருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. கோடவுன் இங்கிலீஷ்காரனோடு மறுபடி நம் ஊருக்கு வந்து, நம் வாயில் குடோன் ஆகிவிட்டது. மூத்த பிள்ளையைச் சிறு வயதில் வெளிநாட்டுக்கு அனுப்பி, அவன் பேரை மாற்றிக்கொண்டு திரும்பிவந்து, "யார் வேணும்?" என்று நம்மையே கேட்பதுபோல.

நாளன்னைக்கு வருகிறேன் என்ற பூக்கல்காரர் எட்டாம் நாள் வந்தார். மினிலாரியில் கல். ஒவ்வொரு கல்லாக வைக்கோல் சுற்றி, முகத்தோடு முகம் பார்க்க வைத்து இறக்கினார்கள். இல்லையென்றால் பூ தேய்ந்துவிடும். கூடவே போர்டு எழுதும் ஆளையும் கூட்டிவந்திருந்தார். நான் போய் நின்றுகொண்டு, கிட்டங்கி என்று எழுதினால் என்ன, இது அந்த ஊர், அந்த வீடு, அந்தச் சொல் என்று கொஞ்சம் நீளமாகவே பேசிவிட்டேன். போர்டுக்காரர் தூரிகையைப் பிடித்தபடி பொறுமையாகக் கேட்டார். பூக்கல்காரரும் கேட்டார்.

"நல்ல பேருதான்ணே. ஆனா லாரிக்காரன் போன்ல வழி கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

நியாயமான கேள்வி. மஞ்சள் தகரத்தில் சிவப்பு எழுத்தில் 'பூக்கல் குடோன்' என்று எழுதி மாட்டினார்கள். எழுத்து அழகாகவே இருந்தது. அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். ஆத்தா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"கிட்டங்கியப் பூட்டுனியா?" என்றாள்.